ஸ்பிரிண்ட் இருக்கட்டும், போல் பொசிஷனில் கை வைக்காதீர்கள்

எஃப் ஒன் கார் பந்தயத்தில் ஸ்பிரிண்ட் ரேஸ் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும் என்றுதான் சொல்வேன். ஞாயிறு முக்கிய ரேஸுக்கு முந்தைய சனிக்கிழமை அரை மணி நேரம், 100 கிலோமீட்டர், டயர் மாற்ற நிற்கும் கட்டாய பிட் ஸ்டாப் கிடையாது, விளக்கு அணைந்ததும் போய்க்கொண்டே இருக்கலாம். இதெல்லாம் விளையாட்டையே கெடுக்கிறது என்று கொதிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். என் பிரச்சினை வேறு. ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதற்கான தகுதிச் சுற்றில் (அதில் முதல் இடம்தான் போல் பொசிஷன்) ஓர் ஓட்டுநர் உழைத்துச் சம்பாதித்ததை இன்னொரு சுற்று வந்து பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. அதே மாதிரி, தகுதிச் சுற்றில் அடுத்தவர்களின் லேப்பைக் கெடுத்தவர் அதனால் லாபம் பார்க்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் எந்த ஃபார்மட்டாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் இந்த இரண்டும் ஒரே வார இறுதியில் தப்பாகிப் போனதும் நடந்திருக்கிறது.

2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை, பிரேசிலின் இன்டர்லாகோஸ். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டமான க்யூ3 தொடங்கும்போது டிராக் காய்ந்திருக்கிறது, ஆனால் வானம் எந்த நிமிடமும் கொட்டிவிடும் போல இருக்கிறது. ஹாஸ் அணி கெவின் மாக்னுசனை வரிசையின் முதல் ஆளாக, காய்ந்த டிராக்குக்கான சாதாரண ஸ்லிக் டயரில் வெளியே அனுப்பியது. முன்னால் யாரும் இல்லை, சுத்தமான டிராக், அவர் 1 நிமிடம் 11.674 விநாடியில் சுற்றி முடித்தார். இரண்டாவதாக வந்த வெர்ஸ்டாப்பன் 0.2 விநாடி பின்னால். கொஞ்ச நேரத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் டிராக்கை விட்டு வெளியே போய் சரளைக் கற்களில் சிக்கிக்கொண்டார், செங்கொடி காட்டிச் சுற்றை நிறுத்தினார்கள். காரை அப்புறப்படுத்தி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் யாராலும் நேரத்தைக் குறைக்க முடியவில்லை. 2016 முதல் ஓடிக்கொண்டிருந்த, பெரும்பாலும் பட்டியலின் அடிப்பாதியிலேயே கிடந்த ஹாஸ் அணிக்கு அது முதல் போல். மாக்னுசன் காரின் மேல் ஏறி நின்று கையை உயர்த்திய படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே க்யூ3-இல் ஃபெராரி லெக்லரை ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயரில் அனுப்பி, அவர் நேரமே பதிவு செய்யாமல் பத்தாவதாக நின்றார். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு பத்துப் பேருக்கும் சமமாக இருந்தது, ஹாஸ் மற்றவர்களைவிட நன்றாக முடிவெடுத்தது, ஓட்டுநர் அந்த ஒரு லேப்பைப் பிழையில்லாமல் ஓட்டினார். மழை எல்லோர் மேலும்தான் பெய்தது.

சரி, இத்தனை செய்து என்ன கிடைத்தது? ஸ்பிரிண்டில் முதல் இடத்திலிருந்து கிளம்பும் உரிமை கிடைத்தது. அவ்வளவுதான். அந்த வருட விதிப்படி ஞாயிற்றுக்கிழமை கிரிட்டை, அதாவது கிளம்பும் வரிசையை, முடிவு செய்தது ஸ்பிரிண்ட்தான். சனிக்கிழமை முதல் சில லேப்புகள் மாக்னுசன் முன்னால் ஓடினார், பிறகு வேகமான கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின, எட்டாவதாக முடித்தார், ஒரு புள்ளி. போல் எடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை நின்றது எட்டாவது இடத்தில். முதல் லேப்பிலேயே ரிக்கார்டோ பின்னாலிருந்து இடித்ததில் ரேஸ் முடிந்துவிட்டது. நடுக்கூட்டத்தில் நின்றால் இந்த மாதிரி இடிபடத்தான் செய்யும், முதல் வரிசையில் நின்றிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பார்.

செங்கொடிக்குக் காரணமான ரஸ்ஸலுக்கு அவருடைய மூன்றாவது இடம் அப்படியே இருந்தது. அவர் ஸ்பிரிண்டை வென்றார், ஞாயிற்றுக்கிழமை முதல் இடத்தில் நின்றார், ரேஸையும் வென்றார், அது அவருடைய முதல் கிராண்ட் பிரி வெற்றி. ரஸ்ஸல் அந்த வார இறுதி முழுக்க அற்புதமாக ஓட்டினார், அவர் வேண்டுமென்று சரளையில் போய் மாட்டினார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் விதியைத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு விதிகளும் சேர்ந்து செய்ததைப் பாருங்கள்: மற்றவர்களின் வாய்ப்பை முடித்துவைத்தவருக்கு ஒரு விநாடிகூட நஷ்டமில்லை, ஒழுங்காக ஓட்டி போல் எடுத்தவர் ஞாயிறன்று எட்டாவது.

இதைவிடக் குழப்பமானது 2021. அந்த வருடம்தான் ஸ்பிரிண்ட் முதல்முறை வந்தது, சில்வர்ஸ்டோன், மோன்சா, இன்டர்லாகோஸ் என்று மூன்று இடங்களில். சில்வர்ஸ்டோனில் வெள்ளிக்கிழமை வேகமான லேப் ஹாமில்டனுடையது. சனிக்கிழமை ஸ்பிரிண்ட் தொடங்கியதுமே வெர்ஸ்டாப்பன் தாண்டிப் போய் ஜெயித்தார், அதிகாரப்பூர்வ போல் அவருக்கே போனது. அதாவது போல் என்பது ஒரு லேப்பில் யார் வேகம் என்பதற்கான பரிசு என்ற பல்லாண்டு வழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும், அடுத்த வருடம் வெள்ளிக்கிழமை வேகமானவருக்கே போல் என்று திருத்தினார்கள். ஆனால் பழைய கணக்கைத் தொடவில்லை. ஹாமில்டனின் எண்ணிக்கை 104, அதில் சில்வர்ஸ்டோன் 2021 இல்லை. மாக்னுசனின் எண்ணிக்கை 1, அதில் இன்டர்லாகோஸ் 2022 இருக்கிறது. ஒரே மாதிரி செய்த இருவரில் ஒருவருக்குப் பட்டியலில் இடம், இன்னொருவருக்கு இல்லை.

2023-இல் அஜர்பைஜானின் பாகுவில்தான் முதல்முறையாகப் புத்திசாலித்தனமான ஒன்றைச் செய்தார்கள். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று ஞாயிறுக்கு, சனிக்கிழமை காலை ஒரு குட்டித் தகுதிச் சுற்று ஸ்பிரிண்டுக்கு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. போலுக்கு உரிய மரியாதை திரும்ப வந்தது. ஆனால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்றைக் கெடுத்தார்கள். அந்தக் குட்டிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் புதிய சாஃப்ட் (வேகம் கூடுதலான, மென்மையான) டயர்தான் போட வேண்டும் என்று விதி. நாரிஸ் முந்தைய நாள் தகுதிச் சுற்றில் தன் சாஃப்ட் டயர்களைச் செலவழித்துவிட்டதால் கையில் புதியது ஒன்றுகூட இல்லை, கடைசிக் கட்டத்துக்குத் தகுதி பெற்றும் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை நன்றாக ஓட்டியதற்குச் சனிக்கிழமை தண்டனை. நல்லவேளை, பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

ஆனால் மழை வந்தால் எல்லாமே லாட்டரிதானே, ஃபார்மட்டை ஏன் குறை சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு 2005 மெல்போர்னை நினைவுபடுத்துகிறேன். 2003 முதல் 2005 வரை ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு லேப். டிவிக்கு அழகு, எல்லாக் காரும் முழுதாகத் தெரியும், சின்ன அணியின் ஸ்பான்சருக்கும் கொண்டாட்டம். ஆனால் நடுவில் மழை வந்தால்? வந்தது. நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் முதல் எஃப் ஒன் ரேஸ், கிரிட்டில் 12-வது இடம், அவருக்குப் பின்னால் 13-வது இடத்தில் அலோன்சோ. ஃபிசிகெல்லா போல் எடுத்து, ரேஸையும் வென்றார். மைக்கேல் ஷூமாக்கர் கடைசி வரிசைகளில். கார்த்திகேயனின் பெயர் அங்கே நின்றதில் எவ்வளவு பெருமை என்று சொல்லத் தேவையில்லை, ஈரத்தில் அந்தக் காரைப் பிடித்து ஓட்டுவது சாதாரண விஷயமும் இல்லை. ஆனாலும் அந்த முறை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டத்தில் டாஸ் தோற்று, பனி விழுந்து நனைந்த பந்தோடு இரண்டாவது பந்து வீசுகிற அணியின் நிலைதான் அங்கே பாதிப் பேருக்கு. இன்டர்லாகோஸில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வானத்துக்குக் கீழே, எப்போது போவது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். மெல்போர்னில் அந்த முடிவு யார் கையிலும் இல்லை, வரிசை எண் முடிவு செய்தது. இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

கார்த்திகேயன் பேச்சு வந்ததால் 107 சதவீத விதியையும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராத கார் ரேஸில் ஓட முடியாது. 2011-இல் மெல்போர்னில் அவருடைய எச்ஆர்டி அணியின் இரண்டு காருமே இதில் வெளியேறின, 2012-இல் அதே மெல்போர்னில் மறுபடியும் அதே கதை. தமிழ்நாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். ஆனால் அந்த விதி நியாயமானது. அளவு முன்னாலேயே தெரியும், எல்லோருக்கும் ஒன்று, மழை மாதிரி அசாதாரண நிலைமையில் விலக்குக் கொடுக்க ரேஸின் நடுவர்களான ஸ்டூவர்ட்களுக்கு அதிகாரமும் இருக்கிறது. 1999-இல் பிரான்ஸில் மழையில் நடந்த தகுதிச் சுற்றில் டேமன் ஹில் உட்படச் சிலர் அந்த எல்லைக்கு வெளியே போனார்கள், அவர்களை ரேஸில் சேர்த்துக்கொண்டார்கள். அதே சுற்றில் பாரிகெல்லோ ஸ்டூவர்ட் என்ற பெயருள்ள அணிக்காகப் போல் எடுத்தார், ஹாக்கினன் 14-வது. அன்றைக்கும் மழைதான், ஆனால் எப்போது வெளியே போவது என்பது அவரவர் முடிவு.

2016-இல் 90 விநாடிக்கு ஒருவரை வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்து, மெல்போர்னில் கடைசி நிமிடங்களில் டிராக்கில் ஒருவர்கூட இல்லாமல் கொடி அசைத்ததைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இரண்டே ரேஸில் தூக்கி எறிந்தார்கள். 2006 முதல் இருக்கும் மூன்று கட்ட முறைக்குத் திரும்பினார்கள், அதுவே இதுவரை வந்ததில் சிறந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தச் சிறந்த முறையிலும் ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது, அதை அடைக்க மனமில்லாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள். மொனாக்கோவையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் ஷூமாக்கர் முதல் இடத்தில் இருந்தபோது கடைசி நிமிடத்தில் ராஸ்காஸ் வளைவில் காரை நிறுத்தினார், பின்னால் வந்த அலோன்சோவின் லேப் போனது. ஸ்டூவர்ட்கள் வேண்டுமென்று செய்தது என்று முடிவு செய்து அவரைக் கடைசிக்கு அனுப்பினார்கள். 2014-இல் ரோஸ்பெர்க் மிராபோ வளைவில் நேராகப் போய் ஒதுங்கினார், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி, ஹாமில்டனின் லேப் போனது, விசாரித்து குற்றமில்லை என்றார்கள், ரோஸ்பெர்க் போல் எடுத்து ரேஸையும் வென்றார். 2021-இல் லெக்லர் நீச்சல் குளப் பகுதியில் சுவரில் மோதினார், செங்கொடி, போல் அவருக்கே. 2022-இல் பெரேஸ் க்யூ3 கடைசியில் சுழன்று சுவரில் மோதி வழியை அடைத்தார், மூன்றாவதாக நின்று ரேஸை வென்றார். நாலு சம்பவத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: வேண்டுமென்று செய்தாரா? ஒரு மனிதனின் மனதுக்குள் புகுந்து பார்க்க எந்த ஸ்டூவர்டாலும் முடியாது, காரிலிருந்து வரும் டெலிமெட்ரித் தரவை எத்தனை முறை பார்த்தாலும் பாதிப் பேர் நம்புவார்கள், பாதிப் பேர் நம்பமாட்டார்கள், அந்த ஓட்டுநர் வாழ்நாள் முழுக்க அந்தச் சந்தேகத்தைச் சுமப்பார்.

அமெரிக்காவின் இன்டிகார் பந்தயத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. தகுதிச் சுற்றில் செங்கொடிக்குக் காரணமானால் உன்னுடைய சிறந்த இரண்டு லேப்புகள் போய்விடும். வேண்டுமென்று செய்தாயா, தவறி நடந்ததா என்ற பேச்சே இல்லை. எஃப் ஒன்னுக்கு இதுதான் வேண்டும். எல்லையைத் தொட்டு ஓட்டுபவரை இது தண்டிக்கும், காரும் உடைந்து நேரமும் போனால் பாவம் இல்லையா என்பார்கள். எனக்கு லெக்லரை ரொம்பப் பிடிக்கும், 2021 மொனாக்கோ அவருடைய சொந்த ஊர், அந்த லேப் உண்மையிலேயே பிரமாதமான லேப். இந்த விதி இருந்திருந்தால் அந்தப் போல் போயிருக்கும். போகட்டும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்த நேரத்தில் தங்கள் கடைசி லேப்பில் இருந்த வெர்ஸ்டாப்பன், போட்டாஸ், சைன்ஸ் ஆகியோருக்கும் அதே எல்லையைத் தொட உரிமை இருந்தது, அவர்கள் தப்பு ஏதும் செய்யவில்லை. 2024 இன்டர்லாகோஸ் இன்னும் மோசம்: க்யூ2 முடியும் நேரத்தில் ஸ்ட்ரோல் மோதினார், செங்கொடி காட்டத் தாமதமானது, அதற்குள் கடிகாரம் ஓடித் தீர்ந்துவிட்டது, வெர்ஸ்டாப்பன் 12-வதாக வெளியேறி, இன்ஜின் மாற்றியதற்கான தண்டனையும் சேர்ந்து 17-வதாக நின்றார். அங்கிருந்து ரேஸை வென்றார் என்பது அவருடைய திறமை. அதை வைத்து விதி சரி என்று வாதாடக் கூடாது.

நெரிசலும் இதே வகைதான். 2019 மோன்சாவில் க்யூ3 கடைசியில் முன்னால் போகும் காரின் காற்று மறைப்பில் வேகம் கூட்டுவதற்காக எல்லோரும் ஊர்ந்துகொண்டே போய், பெரும்பாலானோர் நேரம் முடிவதற்குள் கோட்டைக்கூடத் தாண்டவில்லை. 2026-இல் 22 கார்கள். மொனாக்கோ டிராக்கின் நீளம் 3.337 கிலோமீட்டர், எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஒரு காருக்கு 150 மீட்டர்தான். அங்கே எஃப் ஒன்னுக்கு ஒரு படி கீழே உள்ள எஃப் டூ கார்களை இரண்டு குழுவாகப் பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். எஃப் ஒன்னிலும் மொனாக்கோவில் மட்டும் முதல் கட்டத்தை அப்படிச் செய்யலாம். இரண்டாவது குழுவுக்கு ரப்பர் படிந்து பிடிமானம் கூடிய டிராக் கிடைக்கும் என்ற சிக்கல் இருக்கிறது, அதனால் குழுவுக்குள் மட்டும் ஒப்பிட்டு, இரண்டிலிருந்தும் சம எண்ணிக்கையில் வெளியேற்ற வேண்டும். மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ சில வருடங்கள் புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவர்களை முதல் குழுவில், அழுக்கு டிராக்கில் இறக்கியது, போட்டி நெருக்கமாக இருக்கவேண்டும் என்பதற்காக. நன்றாக ஓட்டினாய், அதனால் பின்னால் போ என்று சொல்கிற விதி அது. 2022-இல் அதைக் கைவிட்டார்கள்.

தலைகீழ் கிரிட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். எஃப் டூவில் ஸ்பிரிண்டுக்கு முதல் பத்துப் பேரைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள், அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார், தாண்டிப் போகப் பழகுவதே பாதி நோக்கம், ஞாயிறு ரேஸுக்குத் தகுதிச் சுற்று வரிசை அப்படியே இருக்கிறது. எஃப் ஒன்னில் கொண்டுவந்தால் தகுதிச் சுற்றில் மெதுவாக ஓட்டுவதில் லாபம் இருக்குமா என்று அணிகள் கணக்குப் போடும். அந்த நிலைமையே வரக் கூடாது.

ஸ்பிரிண்டை எதிர்ப்பவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜிபி. 2024-இல் பன்யாயா 11 ஞாயிறு ரேஸ்களை வென்றார், மார்ட்டின் 3-தான் வென்றார், ஆனால் பட்டம் மார்ட்டினுக்கு, 10 புள்ளி வித்தியாசத்தில். இது அநியாயம் என்று கொதித்தவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோட்டோ ஜிபியில் ஒரே தகுதிச் சுற்றுதான் இரண்டு ரேஸுக்கும் கிரிட்டைத் தருகிறது, சனிக்கிழமை எங்கே முடித்தாலும் ஞாயிறு உன் இடம் உன்னுடையதே. பாதி தூரத்துக்கு 12 புள்ளி என்பது முதல் ரேஸுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். பன்யாயா விழுந்து புள்ளிகளை விட்டார், மார்ட்டின் பெரும்பாலும் நின்று சேர்த்தார். ஒவ்வொரு வார இறுதியிலும் ஸ்பிரிண்ட் வைப்பது ஓட்டுநர்களின் உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் அது வேறு கேள்வி.

எஃப் ஒன் ஸ்பிரிண்டில் புள்ளிக் கணக்கு மேல்பாதிக்குச் சரியாகவே வருகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரம், வென்றவருக்கு 8 புள்ளி, ஞாயிறு வெற்றிக்கு 25. ஆனால் கீழ்ப்பாதியைப் பாருங்கள். ஞாயிறு பத்துப் பேருக்குப் புள்ளி, சனிக்கிழமை எட்டுப் பேருக்கு மட்டும். பெரிய அணிகள் நாலு, ஆளுக்கு இரண்டு கார், எட்டு இடமும் தீர்ந்தது. ஞாயிறு நீண்ட ரேஸில் பிட் ஸ்டாப், சேஃப்டி கார், டயர் உத்தி என்று சின்ன அணி நுழைய இடுக்கு இருக்கும், அரை மணி நேர ஓட்டத்தில் அது அநேகமாகக் கிடையாது. 2025 பட்டத்தை நாரிஸ் வென்றது வெர்ஸ்டாப்பனைவிட 2 புள்ளி அதிகம் எடுத்து. மேலே அப்படி இருந்தால், ஒற்றைப் புள்ளியில் ஓர் இடம் மாறி கோடிக்கணக்கில் பணம் மாறுகிற கீழ்ப்பக்கம் எப்படி இருக்கும்? பத்துப் பேருக்குக் கொடுக்கலாமே.

அதைவிட அவசரமானது பயிற்சி நேரம். வழக்கமான வார இறுதியில் மூன்று மணி நேரம், ஸ்பிரிண்ட் வார இறுதியில் ஒரு மணி நேரம்தான். 2023 ஆஸ்டினில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு காரின் செட்டப்பைப் பூட்டிவிட்டார்கள். மேடு பள்ளமான டிராக், காரின் உயரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தவர்கள் மாற்ற வழியில்லாமல் அப்படியே ஓடினார்கள். ரேஸ் முடிந்து அடிப்பலகையை அளந்தபோது, இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லரும் விதி கேட்கும் 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்ததால் தகுதி நீக்கம். அளந்தது நாலே கார், அதில் இரண்டு மாட்டின. 2024 முதல் ஸ்பிரிண்டுக்கும் தகுதிச் சுற்றுக்கும் நடுவில் செட்டப்பை மாற்ற அனுமதித்தார்கள், அது பெரிய திருத்தம், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் ஒரு மணி நேரமாகவே இருக்கிறது. 2025-இன் இரண்டாவது ரேஸ் ஷாங்காயில், ஸ்பிரிண்டோடு. ஆன்டொனெல்லி, ஹஜார், போர்டொலெட்டோ மாதிரிப் புதியவர்கள் அந்த டிராக்கில் எஃப் ஒன் காரை முதல்முறை ஓட்டுவதும், அதே நாளில் ஸ்பிரிண்ட் தகுதிக்குப் போட்டியிடுவதும் ஒரே ஒரு மணி நேரப் பயிற்சியோடு. பத்து வருடமாக அங்கே ஓட்டுபவருக்கு அது போதும், புதியவருக்குப் போதாது. அந்தப் பயிற்சியை 90 நிமிடமாக்க யாருக்கும் பெரிய செலவில்லை.